விதிகளை எழுத வேண்டியவர் யார்?

காலை நேரத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் தொடர்வண்டி கழக்கூட்டம் நிலையத்தில் நிற்கும்போது, இறங்கும் கூட்டத்தில் தமிழ்க் குரல்களும் கேட்கும். குழித்துறை, இரணியல் எனக் குமரி மாவட்டத்து ஊர்களிலிருந்து நாள்தோறும் வருபவர்களும் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுமாகப் பலர் டெக்னோபார்க்கை நம்பி வாழ்கின்றனர். கேரள அரசு 1990-ஆம் ஆண்டு நிறுவிய அந்தப் பூங்கா, நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்ற பெயரைப் பெற்றது. 1995-இல் அன்றைய பிரதமர் பி.வி. நரசிம்மராவ் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அதன் வாயிலுக்கு உள்ளே இயங்கும் பெரிய நிறுவனங்களில் கணினி வலைப்பின்னலைக் காப்பதற்கென்றே தனித் துறைகள் உண்டு. ஒரு புதிய மென்பொருள் வெளியுலகோடு பேச வேண்டுமெனில் விண்ணப்பம், ஒப்புதல், பதிவு என்று மூன்று படிகளைக் கடந்தாக வேண்டும். வாயிலுக்கு வெளியே காட்சி வேறு. பணியாளர் விடுதிகள், உணவகங்கள், நகலகங்கள், வாடகை வீட்டின் முன்னறையில் நடக்கும் சிறு நிறுவனங்கள் யாவற்றிலும் இணைய நிறுவனத்தார் பொருத்திச் சென்ற ஒரே பெட்டி சுவரில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் கடவுச்சொல் பெரும்பாலும் அப்பெட்டியின் அடியில் ஒட்டப்பட்ட தாளில் உள்ளதேயாகும். கழக்கூட்டத்தை மட்டும் இங்குக் குறை சொல்வதற்கில்லை. திருப்பூரிலும் சிவகாசியிலும் நிலைமை இதுவே. ஆனால், உலகின் கணினிகளைக் காக்கும் மனிதர்கள் உண்டு உறங்கும் விடுதியின் கணினியைக் காக்க ஆளில்லை என்பது கழக்கூட்டத்தில்தான் கண்ணில் உறுத்தலாகப் படுகிறது.

ஒரு விடுதியை எடுத்துக்காட்டாக மனத்தில் கொள்வோம். முப்பது பேர் தங்கியிருக்கின்றனர். அவர்களுடைய கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் ஒரே வைஃபையில் இணைந்துள்ளன. வாசலிலும் மாடிப்படியிலும் கண்காணிப்புக் கேமராக்கள். அவற்றின் காட்சிகளைச் சேமிக்கும் பதிவுப்பெட்டி ஒன்று. உரிமையாளரின் மேசையில் வாடகைக் கணக்கு எழுதும் கணினி. மளிகைக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் இணைய வங்கி வழியே பணம் செல்வது அதிலிருந்துதான். பக்கத்தில் அச்சுப்பொறி. இவை அத்தனையும் ஒரே வலையில், ஒன்றையொன்று தடையின்றிக் காணக்கூடிய நிலையில் உள்ளன. சென்ற வாரம் குடிவந்தவரின் மடிக்கணினியில் நச்சுநிரல் இருந்தால், அதற்கும் உரிமையாளரின் வங்கிக் கணக்கு திறக்கும் கணினிக்கும் இடையே தடையேதும் இல்லை.

இடையே எழுப்ப வேண்டிய அந்தத் தடைக்குத்தான் ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்று பெயர். தமிழில் தீச்சுவர் என்றும் தீயரண் என்றும் எழுதுகின்றனர். ஒட்டியிருக்கும் கட்டடங்களில் ஒன்று பற்றினால் மற்றொன்றுக்குத் தீ தாவாதிருக்க இடையில் கட்டும் சுவரிலிருந்து வந்த பெயர் அது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீச்சுவர் என்பது ஊரைச் சுற்றிய மதில் அன்று. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நிற்பது. நம்மில் பலரும் அதனை மதிலாகவே எண்ணுகிறோம். வெளியாள் நுழையாதபடி வாசலில் ஒன்று இருந்தால் போதும் என்ற எண்ணமே பாதித் துன்பத்துக்குக் காரணம் என்பது நம் கருத்து.

மதிலை நம்பியவர்கள் வரலாற்றிலும் உண்டு. கழக்கூட்டம் அன்று திருவிதாங்கூரின் பகுதி. அந்நாட்டின் தெற்கு வாசல் ஆரல்வாய்மொழி. மலைகளுக்கு இடைப்பட்ட கணவாயில் கோட்டைச் சுவரும் பீரங்கி மேடைகளும் இருந்தன. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாய் கும்பினியாரை எதிர்த்து நின்ற வேளையில், வந்த படை அந்த வாயிலை நேரே மோதவில்லை. ஒரு பிரிவு இரவோடு இரவாகப் பக்கத்து மலைமீது ஏறி மேலிருந்து இறங்கியது. வாயில் அப்படியே நின்றது, கோட்டைதான் கைமாறியது. இந்நிகழ்ச்சியை ஏன் இங்கு நினைவூட்டுகிறோம் என்பது பின்னர் விளங்கும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டுக்கு வருவோம். 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற பணயநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டன. திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது திரை. கேரளத்தில் அது முதலில் தலைகாட்டிய இடங்கள் பெரிய நிறுவனங்கள் அல்ல. வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சி அலுவலகமும் பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சி அலுவலகமும்தான். அடுத்து தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகக் கணினிகள். “நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்று கேட்கும் சிறு வணிகர்களுக்கு இதைவிட வேறு விடை தேவையில்லை. அந்த நிரல் யாரையும் தேடி வரவில்லை. 445 என்ற எண்ணுள்ள வாயில் திறந்திருக்கும் கணினி எதுவாயினும் அதற்குப் போதும்.

வாயில் என்று நாம் சொல்வது போர்ட்டை. ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி ஒன்று உண்டு. அந்த முகவரிக்குள் எண்ணிட்ட வாயில்கள் பல. பாதுகாப்பான இணையத்தளங்கள் 443-இல் பேசும். தொலைவிலிருந்து கணினித் திரையைத் திறக்கும் வசதி 3389-இல் காத்திருக்கும். விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்ள 445-ஐப் பயன்படுத்தும். அலுவலகத்துக்குள் பயன்பட வேண்டிய இந்த வாயில் இணையத்தை நோக்கித் திறந்திருக்க ஒரு காரணமும் இல்லை. அவ்வாண்டு பிரிட்டனின் மருத்துவமனைகள் முடங்கியது குறித்து அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, இணையத்தை நோக்கிய தீச்சுவர்களை ஒழுங்காகப் பராமரித்திருந்தாலே மருத்துவமனைகள் தப்பியிருக்கும் என்று கூறிற்று. மென்பொருளைப் புதுப்பித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும் என்றும் அது சேர்த்துச் சொன்னது.

ஆயினும் வாசலில் அடைத்தால் மட்டும் போதாது. ஒரே வலையில் உள்ள இரு கணினிகள் தமக்குள் பேசும்போது அந்தப் பேச்சு ரவுட்டரில் உள்ள தீச்சுவரைக் கடப்பதே இல்லை. தெருமுனையில் காவலர் நிற்கலாம். அடுத்தடுத்த இரு வீட்டார் கொல்லைப்புறமாகப் போய் வருவதை அவர் காணமாட்டார். விடுதியில் முப்பது மடிக்கணினிகளும் உரிமையாளரின் கணினியும் ஒரே வலையில் இருக்கும்வரை, ரவுட்டரில் எத்தனை விதிகளை எழுதினாலும் அவை இடையில் வரா. ஆகவே விதி எழுதுவதற்கு முன் வலையைப் பிரிக்க வேண்டும். தங்குவோருக்கு விருந்தினர் வைஃபை, கேமராக்களுக்குத் தனி வலை, பணம் கையாளும் கணினிக்குத் தனி வலை. வி-லேன் வசதியுள்ள சுவிட்ச் ஒன்று இருந்தால் இதனை ஒரே கம்பியமைப்பில் செய்யலாம். இல்லாவிட்டால் இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் உள்ள விருந்தினர் வைஃபையை இயக்கினாலே பாதிப் பயன் கிட்டும்.

பிரிக்காமையின் விலையை வங்கித்துறை நன்கறியும். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பெயரில், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்குப் பொய்யான கட்டளைகள் சென்றன. திருட முயன்றது ஏறத்தாழ 95 கோடி டாலர்; கைக்குப் போனது 8 கோடியே 10 லட்சம் டாலர். இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் ஐயத்துக்கு உள்ளாகித் தப்பியது. அந்த வழக்கை விசாரித்த வங்கதேசக் காவல்துறை அதிகாரி ஒருவர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் கூறியது இன்றும் வியப்பளிக்கிறது: உலக வங்கிகளோடு பேசும் ஸ்விஃப்ட் கணினிகள் இருந்த வலையில் தீச்சுவர் இல்லை; பத்து டாலருக்கு வாங்கிய பழைய சுவிட்சுகள் பயன்பாட்டில் இருந்தன; அந்தக் கணினிகள் பிற கணினிகளிலிருந்து பிரிக்கப்படவும் இல்லை. ஒரு நாட்டின் மத்திய வங்கி, நாம் மேலே சொன்ன விடுதியைப் போல இருந்திருக்கிறது. அதே ஆண்டு ஜூன் 2 அன்று இந்திய ரிசர்வ் வங்கி நம் நாட்டு வங்கிகளுக்கு இணையப் பாதுகாப்புச் சட்டகம் குறித்த சுற்றறிக்கையை அனுப்பியது. வங்கிகள் கட்டாயத்தின் பேரில் திருந்தின என்று சொல்வதில் நமக்கு வெட்கமில்லை. கட்டாயம் ஏதுமற்ற வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பதே நம் கவலை.

பெரும்பாலோர் ஒரு தொழில்நுட்பரை அழைக்கின்றனர். அவர் வருகிறார், “என்னென்ன வேண்டும்?” என்று கேட்கிறார். “எல்லாம் வேலை செய்தால் போதும்” என்கிறார் உரிமையாளர். எல்லாவற்றையும் அனுமதிக்கும் ஒரு விதியை எழுதிவிட்டு அவர் தேநீர் அருந்திச் செல்கிறார். தொழில்நுட்பர்மீது குற்றமில்லை. எது எதனோடு பேச வேண்டும் என்பது வணிகம் பற்றிய கேள்வி. அதற்கு விடை தெரிந்தவர் உரிமையாளர் ஒருவரே. எனவே விதிகளை முதலில் எழுத வேண்டியவர் அவரே என்று உறுதியாகச் சொல்கிறோம். கணினியில் வேண்டாம், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தமிழில் எழுதினால் போதும்.

எழுதும் முறை எளிது. எங்கிருந்து, எங்கே, எதற்காக, யார் கேட்டார், எந்த நாள்வரை என ஐந்து பத்திகள். “பணக் கணினியிலிருந்து இணையத்துக்கு, வங்கித் தளமும் வரித் தளமும் பார்க்க, நான் கேட்டேன், எப்போதும்.” “பணக் கணினியிலிருந்து அச்சுப்பொறிக்கு, அச்சிட.” “பணக் கணினியிலிருந்து கேமராப் பதிவுப்பெட்டிக்கு, காட்சி பார்க்க.” “விருந்தினர் வலையிலிருந்து இணையத்துக்கு மட்டும்.” எழுதிப் பார்த்தால் ஏழெட்டு வரிகளுக்கு மேல் வாரா. கடைசி வரி எப்போதும் ஒன்றே: மேலே சொல்லாத எதுவும் கூடாது. அந்தக் கடைசி வரியில்தான் முழு வலிமையும் உள்ளது. தீயதைப் பட்டியலிட்டுத் தடுக்க முனைவோருக்குப் பட்டியல் முடிவதில்லை. வேண்டியதைப் பட்டியலிட்டால் அது நோட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

இதில் இருவகை ஐயங்கள் எழுவதுண்டு. “எல்லாவற்றையும் தடுத்தால் நான் திறந்த தளத்தின் விடை எப்படி உள்ளே வரும்?” என்பது ஒன்று. 1990-களின் நடுவில் பரவிய நுட்பம் இதற்கு விடை கண்டது. உள்ளிருந்து யார் எதைக் கேட்டார் என்பதைத் தீச்சுவர் நினைவில் வைத்துக்கொள்ளும். கேட்டதற்கு வரும் மறுமொழியை மட்டும் உள்ளே விடும். இன்று வீட்டு ரவுட்டர்களுக்கும் இது தெரியும். ஆகவே நீங்கள் இணையத்தைப் பயன்படுத்துவதற்காக வெளியிலிருந்து உள்நோக்கி எந்த வாயிலையும் திறந்து வைக்கத் தேவையில்லை. இரண்டாவது ஐயம், “வெளியே போவதை எதற்குத் தடுக்க வேண்டும்?” என்பது. அச்சுப்பொறிக்கு வெளியூரில் உறவினர் இல்லை. அது இணையத்தில் யாரையேனும் அழைத்தால் அங்கே ஏதோ கோளாறு. கணக்குக் கணினி திடீரென 25-ஆம் வாயில் வழியே மின்னஞ்சல்களை அள்ளி வீசத் தொடங்கினால், உள்ளே வேறு யாரோ குடியேறிவிட்டனர் என்று பொருள். வெளிச்செல்வதைக் கட்டுப்படுத்தும் விதி, திருடன் நுழைவதைத் தடுக்காமல் போகலாம்; மூட்டையோடு வெளியேறுவதைத் தடுக்கும்.

கேமராக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் காட்சி பார்க்க விரும்பி, பதிவுப்பெட்டியை இணையத்தில் திறந்து வைக்கும் வழக்கம் மிகுந்துள்ளது. யூபிஎன்பி என்ற வசதி இயங்கினால், பெட்டியே ரவுட்டரிடம் கேட்டு வாயிலைத் திறந்துகொள்ளும், உரிமையாளர் அறியமாட்டார். 2016-இல் ‘மிராய்’ என்ற நிரல் இத்தகைய கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் ஆலையில் இட்ட கடவுச்சொற்களைக் கொண்டே கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைப் படையாகத் திரட்டி நடத்திய தாக்குதலில் அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பலவும் மணிக்கணக்கில் முடங்கின. திருடனைப் பிடிக்க வாங்கிய கேமரா திருடனுக்கே ஏவலாளாயிற்று. யூபிஎன்பியை நிறுத்துங்கள், வெளியிலிருந்து காட்சி பார்ப்பது தவிர்க்க முடியாததெனில் விபிஎன் வழியே மட்டும் பாருங்கள்.

நோட்டில் எழுதியதைக் கருவியில் ஏற்றும்போது வரிசை முக்கியம். பெரும்பாலான தீச்சுவர்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். “விருந்தினர் வலையிலிருந்து எங்கும் செல்லலாம்” என்பது மூன்றாம் வரியிலும், “விருந்தினர் வலையிலிருந்து பணக் கணினிக்குச் செல்லக் கூடாது” என்பது நான்காம் வரியிலும் இருந்தால், நான்காவது வெறும் அலங்காரம். குறுகிய விதி மேலே, பரந்த விதி கீழே இருக்க வேண்டும். இந்த ஒரு பிழையால் பயனற்றுப்போகும் விதிகள் ஏராளம். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

ஆரல்வாய்மொழி மலையை இப்போது நினைவுகூரலாம். ஐபி முகவரிகளில் இரு பதிப்புகள் உள்ளன: நான்காவது, ஆறாவது. நம் நாட்டில் இணையச் சேவை நிறுவனங்கள் ஆறாவது பதிப்பை விரைந்து பரப்பி வருகின்றன. தொழில்நுட்பர் நான்காம் பதிப்புக்கு மட்டும் பொறுமையாக விதி எழுதிவிட்டு ஆறாவதை மறந்தால், வாயிலில் காவலும் மலைப்பாதையில் வெறுமையுமாக இருக்கும். லினக்ஸில் நெடுங்காலம் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கருவிகள் இருந்ததே இதற்கு ஒரு காரணம். பின்னர் வந்த என்எஃப்டேபிள்ஸில் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதலாம். “ஆறாவதுக்கும் எழுதினீர்களா?” என்று தொழில்நுட்பரைக் கேளுங்கள். அவர் முகம் மாறினால் தயங்காமல் மறுபடியும் கேளுங்கள்.

மற்றொரு எச்சரிக்கை, விதியை மாற்றும் நேரம் குறித்தது. வாடகை வாங்கும் முதல் தேதியன்று பகலில் இதைச் செய்யாதீர். பழைய அமைப்பைப் படியெடுத்து வைத்தபின், இரவில், கருவிக்கு அருகில் அமர்ந்து செய்ய வேண்டும். தொலைவிலிருந்து விதி எழுதித் தன்னையே வெளியே பூட்டிக்கொண்ட வல்லுநர்கள் பலர் உண்டு. புதிய விதிகளைச் சில நிமிடங்களுக்குள் உறுதிசெய்யாவிட்டால் தானாகப் பழையவற்றுக்குத் திரும்பும் வசதி சில கருவிகளில் உள்ளது. அவர்களுக்காகவே அது உருவானது போலும்.

இனி, நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் இழப்பு யாரைச் சாரும் என வகுத்தது. குறை வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ உள்ளது எனில், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்த வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததெனில், அவர் தெரிவிக்கும்வரையிலான இழப்பு அவருடையது. கவனக்குறைவுக்கு அச்சுற்றறிக்கை தரும் எடுத்துக்காட்டு, பணம் செலுத்துவதற்கான இரகசிய விவரங்களைப் பிறரிடம் பகிர்தல். மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது. அந்தச் சொல்லை இழுத்து நீட்டி, விடுதிக்காரரின் ரவுட்டர் திறந்திருந்ததையும் கவனக்குறைவுக் கணக்கில் எழுத எவரும் முனையலாகாது என்பது நம் நிலைப்பாடு. அட்டை தேய்க்கும் கருவியையும் ஒலிப்பெட்டியையும் கடைகளில் பொருத்தும் வங்கிகள், நம் வங்கி உட்பட, அக்கருவி எந்த வலையில் இருக்க வேண்டும், எதனோடு பேச வேண்டும் என்பதை அரைப்பக்கத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது வழக்கமாக வேண்டும். விழிப்பாயிருங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்புவது எளிது. எதில் விழிப்பு என்று எழுதித் தருவது நம் கடமை.

தீச்சுவரால் ஆகாததும் உண்டு. ஓடிபியை நீங்களே தொலைபேசியில் சொல்லிவிட்டால் எந்த விதியும் குறுக்கே வராது. பணம் போய்விட்டதென அறிந்தவுடன் 1930 என்ற எண்ணையும் வங்கியையும் அழைப்பதுதான் அங்கே உதவும்.

நோட்டின் ஐந்தாம் பத்தியை, அதாவது ‘எந்த நாள்வரை’ என்பதை, வெறுமையாக விடாதீர். கணக்கு மென்பொருளைச் சரிசெய்ய வந்தவருக்காக “இன்று மட்டும்” என்று திறந்த 3389, மூன்று ஆண்டுகள் கழித்தும் திறந்தே கிடப்பது வழக்கம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் இந்தப் பக்கத்தையும் புரட்டுங்கள். பிறகு விருந்தினர் வைஃபையில் உங்கள் கைப்பேசியை இணைத்து, உலாவியில் கேமராப் பதிவுப்பெட்டியின் ஐபி முகவரியை இட்டுப் பாருங்கள். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் விதி தன் வேலையைச் செய்கிறது. கடவுச்சொல் கேட்கும் கட்டம் தோன்றினால், தொழில்நுட்பரை அழைத்து முதல் வரியிலிருந்து மீண்டும் உடன் அமர்ந்து படியுங்கள்.